விளையாட்டுகளுக்கு நான் போட்ட மார்க்



போன முறை இந்தச் சுவர் இதழில் 'செல்போனின் தீமைகள்' என்று ஒரு கட்டுரை வந்தது. எல்லாரும் படித்தோம். படித்து முடித்துவிட்டு நேராக மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் போய் நின்று, யார் எந்த கேமில் எத்தனையாவது லெவல் என்று பேசினோம்! சிரிக்காதீர்கள், அந்த வரிசையில் நானும்தான் நின்றேன்.

அதனால் நான் நன்மை, தீமை என்று இரண்டு தலைப்பு போட்டு எழுதப் போவதில்லை. பரீட்சையில் நமக்கு மார்க் போடுகிறார்கள் அல்லவா? அதே மாதிரி காலாண்டு விடுமுறையில் நான் விளையாடிய வீடியோ கேம்களுக்கு நான் மார்க் போட்டிருக்கிறேன். பத்துக்கு இத்தனை என்று. பேப்பர் திருத்தியது நானேதான். மறுகூட்டல் வேண்டுபவர்கள் இன்டர்வெலில் வந்து கேட்கலாம்.

எங்கள் வீட்டில் டச் போன் ஒன்றுதான், அது அம்மாவுடையது. தாத்தாவிடம் ஒரு பட்டன் போன் இருக்கிறது. விடுமுறையில் ஒரு வாரம் அத்தை வீட்டில் இருந்தேன். அங்கே அண்ணனிடம் ஒரு கம்ப்யூட்டரும், பரணில் கிடந்த ஒரு பழைய டிவி கேமும் இருந்தன. இவ்வளவுதான் என் மைதானம்!

1. பாம்பு (தாத்தாவின் பட்டன் போன்)

இரை தின்னத் தின்ன பாம்பு நீளமாகும். சுவரில் முட்டினாலும் தன் வாலைத் தானே கடித்தாலும் அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது. 1997-இல் நோக்கியா 6110 போனில் இது வந்தது. பின்லாந்து நாட்டைச் சேர்ந்த டானெலி அர்மன்டோ என்ற பொறியாளர் அந்தப் போனுக்காக எழுதியது. கலர் இல்லை, பாட்டு இல்லை. ஆனாலும் பாம்பு பாதித் திரைக்கு வந்ததும் நெஞ்சு படபட என்று அடிக்கும். 'நமக்கு நாமே எமன்' என்று பாட்டி சொல்வதற்கு அர்த்தம் இதில்தான் எனக்குப் புரிந்தது. ஆனால் அரை மணி நேரத்தில் கட்டைவிரல் வலி வந்துவிடும்.

மார்க்: 7.

2. சூப்பர் மாரியோ (பழைய டிவி கேம்)

1985-இல் ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி வெளியிட்டது. உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஷிகேரு மியாமோட்டோ. மொத்தம் 8 உலகம், உலகத்துக்கு 4 கட்டம், ஆக 32. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது முதல் கட்டம்தான். எப்படி விளையாடுவது என்று ஒரு வரி கூட எழுதி வராது. ஒரு குட்டிப் பூதம் நம்மைப் பார்த்து மெதுவாக நடந்து வரும். சும்மா நின்றால் செத்தோம். அடுத்த தடவை தானாகவே குதிக்கிறோம். பாடம் படித்தாயிற்று! இப்படி அடிக்காமல், திட்டாமல் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார் யாருக்குத்தான் பிடிக்காது?

இன்னொரு அதிசயம். அதில் வரும் மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே படம்தான். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். கேசட்டில் இடம் போதாததால் இப்படிச் சிக்கனம் செய்திருக்கிறார்கள். அண்ணன் காட்டும்வரை நான் கவனிக்கவே இல்லை.

ஆனால் ஒரு குறை உண்டு. நாலாவது கட்டம் தாண்டி மூச்சு வாங்கப் போனால், "இளவரசி இங்கே இல்லை, வேறு கோட்டையில் இருக்கிறாள்" என்கிறார்கள். எட்டு உலகமும் முடியும்வரை அந்தப் பெண் உட்கார்ந்து காத்துக்கொண்டே இருக்க வேண்டுமா? அவளுக்கும் கால் இருக்கிறது, குதிக்க மாட்டாளா? 1988-இல் அமெரிக்காவில் வந்த இரண்டாம் பாகத்தில் அவளையும் ஓட விட்டார்களாம். 2024-இல் அவளையே கதாநாயகியாக வைத்துத் தனியாக ஒரு கேம் வந்தது. லேட்டாக வந்தாலும் வந்தாயே மகராசி!

மார்க்: 8. இளவரசிக்காக ஒரு மார்க் குறைத்தேன், தண்ணீருக்குள் நீந்தும் கட்டத்துக்காக இன்னொன்று.

3. டெட்ரிஸ் (அண்ணனின் கம்ப்யூட்டர்)

மேலிருந்து கட்டைகள் விழும். திருப்பித் திருப்பி இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிரம்பினால் அது மறைந்துவிடும். கட்டைகள் 7 வகை, ஒவ்வொன்றும் 4 சதுரம் சேர்ந்தது. 1984-இல் மாஸ்கோவில் ஒரு அறிவியல் கழகக் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் இதை எழுதினார். அவருடைய கம்ப்யூட்டரில் படமே வரையமுடியாது, எழுத்துகள் மட்டும்தான். அதனால் அடைப்புக்குறிகளைச் சேர்த்துச் சேர்த்துக் கட்டை செய்தாராம்! பல வருஷம் உரிமை சோவியத் அரசாங்கத்திடம் இருந்ததால், உலகமே விளையாடியும் அவருக்குப் பணம் வரவில்லை. 1996-க்குப் பிறகுதான் வந்தது.

பொங்கலுக்கு வீடு ஒதுங்கவைக்கும்போது பரணில் அண்டா குண்டானை எல்லாம் அடுக்குவோமே, அதே வேலைதான். ஆனால் இதைச் செய்யச் சொல்லி யாரும் கத்த வேண்டியதில்லை!

2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு பையன் பழைய நின்டெண்டோ டெட்ரிஸை 157-ஆம் லெவல் வரை விளையாடி, மிஷினே திணறி நின்றுபோகும்படி செய்தான். அதுவரை எந்த மனிதரும் அப்படிச் செய்ததில்லை. அவன் வயது 13. நம்மை விடச் சின்னவன்!

மார்க்: 9.

4. 2048 (அம்மா போன்)

16 கட்டம். தள்ளினால் எண்கள் நகரும். 2-ம் 2-ம் மோதினால் 4, 4-ம் 4-ம் மோதினால் 8. இப்படியே 2048 வரை கொண்டுபோக வேண்டும். இத்தாலியைச் சேர்ந்த கேப்ரியேலே சிருல்லி என்பவர் 2014 மார்ச்சில் இதைச் செய்தபோது அவருக்கு 19 வயது. சனி ஞாயிறு லீவில் எழுதி, எல்லாரும் இலவசமாக விளையாடட்டும் என்று விட்டுவிட்டார்.

கணக்கு டீச்சர் கவனிக்க: 2-இன் அடுக்கு 11 எவ்வளவு என்று கேட்டால் இப்போது தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். பெரிய எண்ணை மூலையில் வைத்துக்கொண்டு நகர்த்தாமல் ஆடுங்கள், அதுதான் ரகசியம். நான் இதுவரை 1024-தான் எடுத்தேன்.

மார்க்: 9.

5. ஓடும் டைனோசர் (அண்ணனின் கம்ப்யூட்டர்)

நெட் இல்லாதபோது கூகுள் குரோமில் ஒரு சின்ன டைனோசர் வந்து நிற்கும். ஸ்பேஸ் பட்டனைத் தட்டினால் ஓடும், கள்ளிச்செடி வந்தால் குதிக்க வேண்டும். 2014-இல் சேர்த்தார்கள். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் இதையே ஆடிக்கொண்டிருந்ததால், நிர்வாகிகள் இதை நிறுத்திவைக்கவும் ஒரு வசதி கொடுத்தார்களாம். எல்லா ஊரிலும் பிள்ளைகள் பிள்ளைகள்தான்!

மார்க்: 7. நெட் வந்ததும் மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும் நல்ல பிள்ளை.

6. லூடோ கிங் (அம்மா போன்)

நம் நாட்டில் 2016-இல் வந்தது. 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வீடு ஆடினார்கள். நம் நாட்டுப் பச்சீசி ஆட்டம்தான் இங்கிலாந்துக்குப் போய் லூடோ என்று பெயர் மாற்றிக்கொண்டு வந்தது. ஆனால் எங்கள் பாட்டி புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து உருட்டும் தாயம் இருக்கிறதே, அதற்கு ஈடாகாது. தாயம் விழாவிட்டால் பாட்டி புளியங்கொட்டையைத் திட்டுவார். போனில் யாரைத் திட்டுவது?

மார்க்: 6.

7. சப்வே சர்ஃபர்ஸ் (அம்மா போன்)

டென்மார்க்கில் செய்தது, 2012-இல் வந்தது. ரயில் பெட்டியில் பெயின்ட் அடித்த பையனை ஒரு ஆளும் நாயும் துரத்துவார்கள். தண்டவாளத்தில் ஓடுவது அழகாகத்தான் இருக்கிறது. (நிஜத் தண்டவாளத்தில் யாரும் இறங்காதீர்கள், புண்ணியமாகப் போகும்.) மாட்டிக்கொண்டால் ஒரு சாவி கொடுத்து மறுபடி ஓடலாம். இரண்டாம் தடவை 2 சாவி, அப்புறம் 4, அப்புறம் 8. 2048-இல் நான் சந்தோஷமாகப் படித்த அதே இரட்டிப்பு, இங்கே என் கையிலிருந்து பிடுங்குகிறது! தினமும் வந்தால் பரிசு என்று வேறு ஆசை காட்டுகிறது.

மார்க்: 5.

8. பெயர் சொல்லாத விளையாட்டு (அம்மா போன்)

இதன் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் இன்றைக்கே நாலு பேர் ஏற்றிப் பார்ப்பீர்கள் என்று தெரியும். உயிர் தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காசு கட்ட வேண்டும். எங்களிடம் காசு ஏது? நான் காத்திருந்தேன். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு, உயிர் வருகிறதா, வருகிறதா என்று பார்த்தேன். எத்தனை மணிக்குத் தூங்கினேன் என்று தெரியாது. சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டது.

அந்தப் போனில்தான் அம்மா விடிகாலை மூன்றரைக்கு அலாரம் வைத்திருந்தார். மல்லிகைப் பூ எடுக்கப் போக வேண்டும். வெயில் ஏறுவதற்குள் பறித்தால்தான் நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குப் பூ போகும். அலாரம் அடிக்கவில்லை. வண்டி போய்விட்டது. அன்றைக்குக் கூலி இல்லை.

அம்மா என்னைத் திட்டவில்லை. "போன் பழசாயிருச்சு போல, சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது" என்று போனைத்தான் குறை சொன்னார். நான் ஒன்றும் பேசாமல் பல் விளக்கப் போய்விட்டேன். அம்மா திட்டியிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும் என்று அன்று முழுக்க நினைத்தேன்.

மார்க்: 0. அந்தப் பூஜ்யம் விளையாட்டுக்கா எனக்கா என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, இதிலிருந்து நான் தெரிந்துகொண்டது என்ன?

கேம் என்றாலே கெட்டது என்கிறார்கள் பெரியவர்கள். சும்மா பொழுதுபோக்குதானே என்கிறோம் நாம். இரண்டும் சரியில்லை என்பது என் தாழ்மையான கருத்து. பாம்பிலும் தோற்றேன், டெட்ரிஸிலும் தோற்றேன். ஆனால் தோற்ற பிறகு அவை என்னைக் கூப்பிடவில்லை. நான் போய் எடுத்தால்தான் உண்டு. எட்டாவது விளையாட்டு அப்படியில்லை. போனைக் கீழே வைத்த பிறகும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. சாப்பிடும்போது கூப்பிட்டது, படிக்கும்போது கூப்பிட்டது, தூங்கும்போதும் கூப்பிட்டது. நாம் விளையாடுவதற்காகச் செய்தது ஒரு வகை, நம்மைத் திரும்ப வரவைப்பதற்காகச் செய்தது இன்னொரு வகை.

பணம் கட்டி ஆடி, ஜெயித்தால் பணம் என்று ஆசை காட்டும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்ய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் நிறைவேற்றியது. நல்லதுதான். ஆனால் தூக்கத்தைப் பிடுங்கும் ஆட்டத்துக்கு எந்தச் சட்டம் வரும்? அதை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதனால் எந்த கேமை ஏற்றுவதற்கு முன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: கீழே வைத்த பிறகும் இது என்னைக் கூப்பிடுமா?

இரண்டு: தோற்றால் என் தப்பு என்ன என்று காட்டுமா, இல்லை காசு கேட்குமா?

மூன்று: இதை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விளையாட முடியுமா?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். "கேம் விளையாடினாயா?" என்று கேட்டால் நாங்கள் "இல்லை சார்" என்றுதான் பொய் சொல்வோம். "என்ன கேம் விளையாடினாய்?" என்று கேட்டுப் பாருங்கள், உண்மை வரும். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் நம் பள்ளிக் கம்ப்யூட்டரில் 2048-ம் டெட்ரிஸும் ஆட விட்டால் இன்னும் சந்தோஷம். முக்கியமாக மாணவிகளுக்கு. எங்களில் பாதிப் பேருக்கு, தம்பி விளையாடுவதைப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துத்தான் கேம் தெரியும். மாரியோ கதையில் காத்திருந்த இளவரசி மாதிரி! ஆண்பிள்ளைகளே, வீட்டில் அக்கா தங்கைக்கும் ஒரு ஆட்டம் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்தக் கட்டுரை சுவரில் ஏறுவதற்கு முன் அம்மாவுக்குத் தெரிய வேண்டும் என்று நேற்று ராத்திரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம், "சரி விடு. இனிமே அலாரத்தத் தாத்தா போன்ல வச்சுக்கிறேன்" என்றார்.

இன்று காலை மூன்றரைக்குத் தாத்தாவின் பட்டன் போன் ஊரே எழுகிற மாதிரி அடித்தது. அம்மாவோடு நானும் எழுந்து, கேரியரில் சோறு கட்டிக் கொடுத்தேன். பாம்புக்குப் போட்ட ஏழை எட்டாக மாற்றிவிட்டேன்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி