இன்ஜினீயரிங் முடித்துவிட்டு எம்.ஏ. வரலாறா? யோசிக்க வேண்டியது எதை?

"நாலு வருஷம் இன்ஜினீயரிங் படிச்சிட்டு, கையில இருக்கிற வேலையையும் விட்டுட்டு, இப்போ போய் எம்.ஏ. வரலாறா?"

இந்தக் கேள்விக்கு வீட்டில் பதில் சொல்ல முடியாமல் திணறும் இளைஞர்கள் பலர். பத்தாம் வகுப்பு மார்க்கைப் பார்த்துக் கிடைத்த குரூப், கவுன்சலிங்கில் கிடைத்த கல்லூரி, கேம்பஸில் கிடைத்த வேலை என்று வந்தவர்கள் இவர்கள். நமக்கு என்ன பிடிக்கும் என்று யோசிக்கவே 25 வயதில்தான் நேரம் கிடைக்கிறது. 'படிச்சது வீணாயிடும்' என்பது பெற்றோரின் பயம். ஆனால், உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

படித்தது வீணாகுமா?

ஆகாது. டி.டி.கோசாம்பி ஒரு கணிதப் பேராசிரியர். பழங்கால வெள்ளி முத்திரை நாணயங்களை எடைபோட்டு, அவை புழக்கத்தில் எவ்வளவு தேய்ந்தன என்பதைப் புள்ளியியல் மூலம் கணக்கிட்டு, அதை வரலாற்றுச் சான்றாக மாற்றியவர். தாமஸ் கூன் 1949-ல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பிறகு அறிவியல் வரலாற்றுக்கு வந்து, 1962-ல் எழுதிய நூலால் உலகம் முழுக்க அறியப்பட்டார். இருவருக்கும் பழைய படிப்பு புதிய துறையில் கைகொடுத்தது.

சேர முடியுமா?

முடியும். கியூட் பி.ஜி. தேர்வு வழியாக மத்தியப் பல்கலைக்கழகங்களில் வரலாறு, சமூகவியல் போன்ற பல எம்.ஏ. படிப்புகளுக்கு எந்தப் பட்டம் இருந்தாலும் போதும். கேட் தேர்விலேயே 2021 முதல் கலை, சமூக அறிவியல் பாடங்களுக்குத் தனித்தாள் இருக்கிறது.

நான்காண்டுப் பட்டத்தில் 75% எடுத்தவர்கள் எம்.ஏ. இல்லாமலே நெட் எழுதி பிஹெச்.டி.க்குப் போகலாம் என்ற வழியும் இப்போது உண்டு. ஆனால், அந்த வழியில் எழுதும் நெட், உதவிப் பேராசிரியர் தகுதியைத் தராது. அடிப்படை நூல்களையே படிக்காமல் நேராக ஆய்வில் குதிப்பதும் ரிஸ்க்தான்.

செலவுக்கு என்ன வழி?

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கேட் தேர்ச்சியுடன் எம்.டெக். சேருபவருக்கு மாதம் ரூ.12,400 உதவித்தொகை கிடைக்கும். எம்.ஏ. மாணவருக்கு அப்படி உறுதியான தொகை கிடையாது. யு.ஜி.சி.யின் தேசிய உதவித்தொகை இருக்கிறது. ஆனால், எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து நாடு முழுக்க 10,000 இடங்கள்தான்.

ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் ரூ.37,000 வரும். அதற்குப் பொதுப் பிரிவு ஆண்களின் வயது வரம்பு 30. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் தளர்வு உண்டு. 27 வயதில் எம்.ஏ. சேரும் பொதுப் பிரிவு இளைஞருக்கு, படிப்பை முடிக்கும்போது மிஞ்சுவது ஓரிரு வாய்ப்புகளே. கல்விக் கடன் இ.எம்.ஐ. பாக்கி இருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு வருமானமில்லாத இரண்டு ஆண்டுகள் சாதாரண விஷயம் அல்ல.

முடித்த பிறகு?

கல்லூரி ஆசிரியர் பணிக்கு எம்.ஏ.வில் 55%, கூடவே நெட் அல்லது செட் தேர்ச்சி போதும். ஆனால், தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் முதுகலை ஆசிரியராக வேண்டுமென்றால் இளநிலை, முதுகலை இரண்டும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். பி.இ. முடித்து எம்.ஏ. வரலாறு படித்தவர் 'கிராஸ் மேஜர்' என்று கழிக்கப்படுவார். உள்ளே வர அனுமதிக்கும் அமைப்பு, வேலை என்று வரும்போது கையை விரிப்பது நியாயமா?

முதுகலையும் தகுதித்தேர்வும் முடித்தவரைப் பழைய பட்டத்தைக் காட்டி ஒதுக்கும் விதியை அரசு மறுபரிசீலனை செய்ய வேண்டும். எம்.டெக். மாணவருக்குத் தருவதுபோல, தேர்வு எழுதி வரும் எம்.ஏ. மாணவருக்கும் உதவித்தொகை வேண்டும். இல்லையென்றால், மனசுக்குப் பிடித்ததைப் படிப்பது வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே என்றாகிவிடும்.

அதுவரை, மாற நினைப்பவர்கள் ராஜினாமா கடிதம் எழுதும் முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுவது நல்லது: இரண்டு ஆண்டுச் செலவுக்கான சேமிப்பு, ஜே.ஆர்.எஃப். வயதுக் கணக்கு, ஆறு மாதமாவது அந்தத் துறை நூல்களைப் படித்த அனுபவம். அதன் பிறகும் ஆசை குறையவில்லை என்றால், வீட்டில் தைரியமாகப் பேசலாம்.