எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

தேர்தல் வரும்போதெல்லாம் ஒரு கேள்வியும் கூடவே வருகிறது. ஆலை வாசலிலும் களத்துமேட்டிலும் மக்கள் நம்மை நிறுத்திக் கேட்கிறார்கள்: "ஜெயிக்கக் கூடியவர்கள் இரண்டு பேர். ஒருவர் கெட்டவர், மற்றவர் அதைவிடக் கெட்டவர். கெட்டதில் குறைந்ததைப் பார்த்து ஓட்டுப் போடுவதா? அல்லது எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று வீட்டிலேயே இருந்துவிடுவதா?"

கேள்வி நியாயமானது. இப்படிக் கேட்பவர்களை அரசியல் தெரியாதவர்கள் என்று ஒதுக்குவது பெரும் தவறு. பலமுறை ஏமாற்றப்பட்டவர்களின் கேள்வி இது. ஒரே வார்த்தையில் இதற்குப் பதில் சொல்லிவிடவும் முடியாது. 1932ல் ஜெர்மனியின் உழைக்கும் மக்கள் இதே கேள்வியைச் சந்தித்தார்கள். அவர்கள் கொடுத்த விலை உலகத்துக்கே பாடம்.

அந்த ஆண்டு அங்கே ஜனாதிபதித் தேர்தல். ஒருபுறம் ஹிண்டன்பர்க். வயது 84. முதல் உலக யுத்தத்தின் தளபதி, பெரிய நிலப்பிரபுக்களின் நண்பர். பார்லிமெண்டை ஒதுக்கிவிட்டு, அவசரச் சட்டங்களால் கூலியை வெட்டிய சர்க்காருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர். மறுபுறம் ஹிட்லர். கம்யூனிஸ்ட் கட்சியின் சார்பில், ஹாம்பர்க் துறைமுகத்தில் வேலை செய்து வளர்ந்த தேல்மன் நின்றார். சோஷல் டெமாக்ரடிக் கட்சி தன் ஆளை நிறுத்தவில்லை. ஹிட்லரைத் தோற்கடிக்க ஹிண்டன்பர்க்குக்கு ஓட்டளியுங்கள் என்று தொழிலாளர்களிடம் சொல்லியது. தொழிலாளர்களும் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார்கள். ஏப்ரல் 10ல் நடந்த இரண்டாம் சுற்றில் ஹிண்டன்பர்க் 53 சதவீதம் பெற்றார். ஹிட்லருக்கு 36.8. தேல்மனுக்கு 10.2.

குறைந்த தீமை ஜெயித்தது. பிறகு என்ன நடந்தது?

மே 30ல், தமக்காக ஊர் ஊராய்ப் பிரசாரம் செய்த பிரதம மந்திரி புரூனிங்கையே ஹிண்டன்பர்க் வீட்டுக்கு அனுப்பினார். ஜூனில் நாஜிக் குண்டர் படை மீதிருந்த தடை நீங்கியது. ஜூலை 20ல் பிரஷ்யாவில் சோஷல் டெமாக்ரட் தலைமையிலான மந்திரி சபை அவசரச் சட்டத்தால் விரட்டப்பட்டது. யாருடைய ஓட்டால் ஜெயித்தாரோ, அவர்களுடைய மந்திரி சபைதான் அது! 1933 ஜனவரி 30ல் ஹிட்லரைப் பிரதம மந்திரியாக நியமித்ததும் அதே ஹிண்டன்பர்க்தான். தேர்தல் முடிந்து பத்து மாதம்கூட ஆகவில்லை.

அப்படியானால் 'இருவரும் ஒன்றுதான்' என்றவர்கள் சொன்னது மெய்யாகிவிட்டதா? இல்லை. ஹிட்லர் வருவதற்கு முன் தொழிற்சங்கங்களுக்குக் காரியாலயம் இருந்தது, தொழிலாளர் பத்திரிகைகள் வீதியில் விற்றன, பார்லிமெண்டில் 100 கம்யூனிஸ்டுகள் உட்கார்ந்திருந்தார்கள். ஹிட்லர் வந்த பின், 1933 மே 2ல் நாடெங்கும் தொழிற்சங்கக் காரியாலயங்கள் பறிக்கப்பட்டன. மார்ச் மாதமே சிறைப்பட்ட தேல்மன், 1944 ஆகஸ்டில் புக்கன்வால்ட் முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். கூலியை வெட்டுகிறவனையும், கூலி கேட்கும் வாயையே தைத்துவிடுகிறவனையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

பின் பிழை எங்கே இருந்தது? 1932 நவம்பர் பார்லிமெண்ட் தேர்தலைப் பாருங்கள். நாஜிகளுக்கு 196 ஸ்தானங்கள். சோஷல் டெமாக்ரட்டுகளுக்கு 121, கம்யூனிஸ்டுகளுக்கு 100, சேர்ந்தால் 221. ஆனால் சேரவில்லை! சோஷல் டெமாக்ரட் தலைவர்கள், ஹிண்டன்பர்க் என்னும் சுவரை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டார்கள். ஜூலை 20ல் தங்கள் மந்திரி சபை விரட்டப்பட்டபோதும் வேலை நிறுத்தத்துக்கு அழைக்காமல் கோர்ட்டுக்குப் போனார்கள். கம்யூனிஸ்ட் கட்சியோ அவர்களைச் 'சமூக பாசிஸ்டுகள்' என்று சாடி, பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் தொழிலாளியையே எதிரியாக்கியது. இந்தப் பாதையைக் கம்யூனிஸ்ட் அகிலத்தின் ஏழாவது காங்கிரஸ் 1935ல் மாற்றியது. ஐக்கிய முன்னணியை முன்வைத்தது.

அந்த மாற்றத்தின் பலன் அடுத்த ஆண்டே பிரான்சில் தெரிந்தது. 1936 மே 3ல் நடந்த இரண்டாம் சுற்றில், மக்கள் முன்னணியின் பேரில் கம்யூனிஸ்ட் தொழிலாளர்கள் பல தொகுதிகளில் ராடிக்கல் கட்சிக்கும் ஓட்டளித்தார்கள். 1935ல் அரசு ஊழியர் சம்பளத்தை வெட்டிய லாவால் மந்திரி சபையில் இடம் பெற்றிருந்த கட்சி அது! ஆனால் ஓட்டுப் போட்டவர்கள் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளவில்லை. புதிய மந்திரி சபை பதவி ஏற்குமுன்பே ஆலைகளுக்குள் உட்கார்ந்து வேலை நிறுத்தம் தொடங்கினார்கள். ஜூனில் ஏறத்தாழ 20 லட்சம் பேர். கூலி 7 முதல் 15 சதவீதம் உயர்ந்தது. வாரத்துக்கு 40 மணி நேர வேலையும், ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுமுறையும் சட்டமாயின.

அதே பிரான்சில் பிற்காலத்தில் நடந்ததையும் பார்க்க வேண்டும். 2002ல் லெ பென்னைத் தடுக்க இடதுசாரி மக்கள் சிராக்குக்கு ஓட்டளித்தார்கள். அவர் 82 சதவீதம் பெற்றார். 2017லும் 2022லும் லெ பென்னின் மகளைத் தடுக்க மக்ரோனுக்கு ஓட்டு விழுந்தது. ஓட்டு வாங்கிய சர்க்கார்களோ, 2003லும் 2023லும் தொழிலாளியின் பென்ஷனில் கை வைத்தன. மூன்று தேர்தலிலும் குறைந்த தீமை ஜெயித்தது. பெரிய தீமை பெற்ற ஓட்டு என்ன? 2002ல் 17.8 சதவீதம், 2017ல் 33.9, 2022ல் 41.5! வீதியில் போராட்டங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் 'இவனும் வேண்டாம், அவனும் வேண்டாம்' என்ற மக்களுக்கு மூன்றாவது வழியைக் காட்டக் கூடிய பலம் அங்கே இடதுசாரிகளுக்கு இல்லை. அந்த இடைவெளியில் பாசிசத்தின் வாரிசுகள் புகுந்தார்கள்.

நம் நாட்டு வாக்காளனுக்கு இதிலிருந்து சொல்ல வேண்டியது என்ன?

முதலாவது, ஒதுங்கியிருப்பது பதிலாகாது. 2013 முதல் நம் ஓட்டு இயந்திரத்தில் 'இவர்களில் எவருமில்லை' என்றொரு பொத்தானும் இருக்கிறது. கோபத்தைக் காட்ட அது உதவலாம். ஆனால் சட்டசபை, பார்லிமெண்ட் தேர்தல்களில் அதற்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிகம் பெற்றவரே ஜெயித்தவர்.

இரண்டாவது, உழைக்கும் மக்களின் சொந்த வேட்பாளர் வெல்லக் கூடிய இடத்தில் குறைந்த தீமையைத் தேடி அலைய வேண்டிய அவசியமே இல்லை. அப்படி ஒருவர் இல்லாத இடத்தில், 'எவன் நல்லவன்?' என்று கேட்டால் விடை கிடைக்காது. 'எவன் வந்தால் நாளைக்குச் சங்கம் வைக்கவும், கூட்டம் போடவும், வேலை நிறுத்தம் செய்யவும் நமக்கு வழி இருக்கும்? எவன் வந்தால் அது அடைபடும்?' என்று கேளுங்கள். வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

மூன்றாவது, அப்படிப் போடும் ஓட்டு அன்றைய ஆபத்துக்காகப் போடும் ஓட்டு. அதோடு நம்பிக்கையையும் சேர்த்துக் கொடுத்துவிடக் கூடாது. இரவு திருடனைத் தடுக்கப் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடலாம். அதற்காகப் பெட்டிச் சாவியை அவன் கையில் கொடுப்பார் உண்டா?

ஓட்டுச் சாவடிக்குப் போக ஒரு நாள் போதும். மற்ற நாளெல்லாம் சங்கத்தைக் கட்டவும், பிரிந்து கிடக்கும் உழைப்பாளிகளைச் சேர்க்கவும் வேண்டும். அந்த வேலை நடக்கும் ஊரில், அடுத்த தேர்தலின்போது இரண்டு கொள்ளிகளுக்கு நடுவே மக்கள் தவிக்க வேண்டியிருக்காது. தோழர்களே, அந்த வேலையை இன்றே தொடங்குவோம்!