உயிர் காக்கக் கற்பிப்போர்

சங்கீத வாத்தியார் சுருதி பிசகிப் பாடிக் கற்பித்தால், சீடனின் பாட்டைக் கேட்கும் நாலு பேர் முகம் சுளிப்பார்கள். அதற்குமேல் விபரீதம் ஒன்றும் நேராது. கணக்கு உபாத்தியாயர் தவறாகச் சொல்லிக் கொடுத்தால் பையன் பரீட்சையில் கோட்டை விடுவான், மறுபடி எழுதிக்கொள்ளலாம். ஆனால், நின்றுபோன இருதயத்தை மீண்டும் இயங்கச் செய்யும் வித்தையைக் கற்பிப்பவர் பிசகினால், அதன் பலனை அனுபவிப்பவர் ஆசிரியரும் அல்லர், மாணவரும் அல்லர். வகுப்புப் பக்கமே வராத மூன்றாம் மனிதர் ஒருவர், என்றோ ஒரு நாள் தெருவிலோ ரயில் நிலையத்திலோ விழுந்து கிடக்கும்போது அதை அனுபவிக்கிறார். அவருக்கு மறுபரீட்சை கிடையாது.

இக்காலத்தில் பள்ளிகளிலும் காரியாலயங்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் அவசர உயிர் காப்புப் பயிற்சி வகுப்புகள் நடைபெறுகின்றன. மிகவும் நல்ல காரியம். ஆனால், வகுப்பு நடத்த வந்தவர் யார், அவருக்கு அந்த யோக்கியதை எப்படிக் கிடைத்தது என்று நம்மில் எத்தனை பேர் விசாரிக்கிறோம்? கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்து வாங்கும் நாம், இந்த விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு அத்தாட்சிப் பத்திரத்தை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டிவிடுகிறோம்.

இந்த வித்தை ஒன்றும் பழமையானதன்று. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கலாசாலையைச் சேர்ந்த கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவரும், மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்து அழுத்தியே இரத்த ஓட்டத்தை நடத்தலாம் என்பதை 1960-ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். இவர்களில் கௌவன்ஹோவன் வைத்தியரே அல்லர். மின்சாரப் பொறியியல் பேராசிரியர். அதே ஆண்டில் நார்வே தேசத்தில் லார்டால் என்ற பொம்மை வியாபாரி, பழகுவதற்கென்று ஆள் அளவில் ஒரு பொம்மையைச் செய்து கொடுத்தார். வைத்தியசாலையின் நான்கு சுவர்களுக்குள் இருந்திருக்க வேண்டிய வித்தை இவ்விதம் சாமானிய ஜனங்களின் கைக்கு வந்தது.

ஜனங்களின் கைக்கு அது வரவேண்டிய அவசியமும் இருந்தது. இருதயம் திடீரென்று நின்றுவிட்டால், உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பை நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைத்துவிடுகிறது. டாக்டர் வரும்வரையில் காத்திருக்க யமதர்மராஜன் சம்மதிப்பதில்லை. பக்கத்தில் நிற்பவரின் இரண்டு கைகளே மருந்து. அந்தக் கைகளைப் பழக்குகிறவர் மீதுதான் முழுப் பொறுப்பும் விழுகிறது.

நிற்க. பிற தேசங்களில் இந்தப் பொறுப்பை எப்படி வகுத்திருக்கிறார்கள் என்று பார்ப்போம். 1924-இல் தோன்றிய அமெரிக்க இருதயச் சங்கம், தன் பெயரால் கற்பிக்க விரும்புகிறவர் முதலில் தாமே அந்தப் பாடத்தில் தேறியிருக்க வேண்டும் என்கிறது. பிறகு கற்பிக்கும் முறையில் தனிப் பயிற்சி. அதன்பின் அவர் நடத்தும் முதல் வகுப்பை மற்றொருவர் கூட இருந்து கவனிக்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு கிடைக்கும் அங்கீகாரமும் ஆயுள் முழுவதற்கும் அன்று, இரண்டே வருஷத்துக்குத்தான். அதற்குள் குறைந்தது நான்கு வகுப்புகளாவது நடத்தியிருக்க வேண்டும். ஒரு முறை பட்டம் வாங்கிவிட்டு முப்பது வருஷம் அதையே சொல்லிக் காலந்தள்ளும் நம் உபாத்தியாய வர்க்கத்துக்கு இது சற்றுச் சங்கடமான செய்திதான்!

ஐரோப்பிய சங்கத்தாரின் முறை இன்னும் சுவாரஸ்யமானது. அங்கே எல்லோரும் தாமாக மனுப்போட்டு ஆசிரியராகிவிட முடியாது. மாணவராக வந்தவர்களில் யாரிடம் கைத்திறமையோடு பொறுமையும், பிறரை ஊக்கும் குணமும் இருக்கின்றன என்று ஆசிரியர்களே கவனித்துப் பொறுக்குகிறார்கள். கெட்டிக்காரர் எல்லோரும் நல்ல ஆசிரியர் ஆகிவிட மாட்டார் என்ற உண்மையை அவர்கள் நன்கு உணர்ந்திருக்கிறார்கள்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்கலாம். வித்தையே மாறிக்கொண்டு வருவதுதான் காரணம். பதினைந்து முறை அழுத்தி இரண்டு முறை ஊத வேண்டும் என்று முன்பு கற்பித்தார்கள். 2005-இல் அது முப்பதுக்கு இரண்டு என்று மாறியது. முதலில் மூச்சு, பிறகு மார்பு என்றிருந்த வரிசை 2010-இல் முதலில் மார்பு என்று திரும்பியது. பழைய குறிப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, "என் அனுபவத்தில்..." என்று ஆரம்பிக்கிற ஆசிரியர் எவ்வளவு நல்லவரானாலும் அபாயமானவரே.

கேட்டுப் புரிந்துகொண்டால் மட்டும் கை வந்துவிடாது என்பது மற்றொரு காரணம். வளர்ந்தவரின் மார்பை ஐந்து ஸென்டிமீட்டராவது அழுத்த வேண்டும். ஆறுக்கு மேல் போகக் கூடாது. நிமிஷத்துக்கு நூறு முதல் நூற்றிருபது தடவை. அதாவது முப்பது அழுத்தங்களைப் பதினைந்து வினாடிக்குக் குறையாமலும் பதினெட்டு வினாடிக்கு மேற்படாமலும் முடிக்க வேண்டும். ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுவதும் மேலெழும்ப இடங்கொடுக்க வேண்டும். இதை மேடையில் நின்று பிரசங்கம் செய்தா கற்பிப்பது? நமக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் நானூறு குழந்தைகளை மைதானத்தில் உட்கார வைத்து, ஒரே ஒரு பொம்மையைத் தூரத்தில் காட்டி, ஒரு மணி நேரத்தில் நானூறு அத்தாட்சிப் பத்திரங்களை வழங்கினார்கள். பொம்மையைத் தொட்டவர்கள் மூன்று பேர், புகைப்படத்துக்காக! ஒரு பொம்மைக்கு மூன்று மாணவருக்கு மேற்படாமலும், ஓர் ஆசிரியருக்கு ஆறு மாணவருக்கு மேற்படாமலும் வைத்துக்கொள்வது வைத்தியத் துறையினருக்கான அடிப்படை வகுப்பின் பிரமாணம். குழந்தைகளுக்கு அவ்வளவு கண்டிப்பு வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குழந்தையின் கையும் ஒரு முறையாவது பொம்மையின் மேல் படவேண்டாமா?

இனி, கருணையைப் பற்றி ஒரு வார்த்தை. முப்பத்தைந்துக்கு முப்பத்துநான்கு வாங்கிய பையனுக்கு ஒரு மார்க்குப் போட்டுக் கரையேற்றுவது நம் பள்ளிக்கூடங்களில் புண்ணிய காரியமாகக் கருதப்படுகிறது. அமெரிக்க சங்கத்தின் எழுத்துப் பரீட்சையில் நூற்றுக்கு எண்பத்துநான்கு வாங்கினால்தான் தேர்ச்சி. கைத்திறமைப் பரீட்சையோ இன்னும் கண்டிப்பானது. தவறியவரை அவமானப்படுத்துவதில்லை, எங்கே பிசகினார் என்று காட்டி, மீண்டும் பழக்கி, மீண்டும் சோதிக்கிறார்கள். தேறாதவரைத் தேறியதாக எழுதுவதில்லை. இங்கே கருணை மார்க்குப் போடுகிற ஆசிரியர் தம் கைப்பொருளையா தருமம் செய்கிறார்? முன்பின் அறியாத ஒருவருடைய பிராணனையல்லவா எடுத்து வழங்குகிறார்!

ஆசிரியரின் கடமைகளில் இன்னும் சில உண்டு. சுகமாயிருக்கும் மனிதரைப் படுக்கவைத்து அவர் மார்பை அழுத்திப் பழக விடக்கூடாது. பொம்மை இருப்பது அதற்காகத்தான். ஒருவர் வாய் வைத்த பொம்மையைச் சுத்தம் செய்யாமல் அடுத்தவருக்குக் கொடுக்கக்கூடாது. கற்ற வித்தை சில மாதங்களிலேயே மங்க ஆரம்பிக்கும் என்று சொல்லி, மறுபடி பழக வரும்படி அழைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, உண்மையைச் சொல்வது. எல்லாம் சரியாகச் செய்தும் பலர் பிழைப்பதில்லை. வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் தாயையோ கணவனையோ அவ்விதம் இழந்தவர் ஒருவர் இருக்கலாம். "சரியாகச் செய்தால் நிச்சயம் பிழைப்பார்" என்று மார்தட்டும் ஆசிரியர், அவர் நெஞ்சில் ஆயுள் முழுவதும் ஆறாத புண்ணை உண்டாக்குகிறார்.

நம் நாட்டிலும் வழி இல்லாமலில்லை. இந்திய மயக்கவியல் வைத்தியர் சங்கத்தின் முயற்சியால் அமைந்த இந்திய உயிர்மீட்புக் கழகம், 2017-இல் நம் தேசத்துக்கென்றே நெறிமுறைகளை வெளியிட்டது. சாமானிய ஜனங்கள் வாயோடு வாய் வைத்து ஊதத் தேவையின்றி, மார்பை அழுத்துவதை மட்டுமே கற்கும் எளிய முறையும் அதில் அடங்கியிருக்கிறது. நீரில் மூழ்கியவருக்கும் குழந்தைகளுக்கும் மூச்சும் அவசியம் என்பதால், இந்த எளிய முறையின் எல்லையையும் நல்ல ஆசிரியர் சேர்த்தே சொல்லுவார். அந்நிய நாட்டாரின் பிரமாணத்தை இரவல் வாங்கித்தான் தீரவேண்டும் என்ற நிலை இனி இல்லை. இதைத் தமிழிலே, பாட்டிக்கும் புரியும்படி கற்பிக்கும் ஆசிரியர்கள் ஊர்தோறும் வேண்டும். ஆபத்து வந்த வேளையில் மனம் மொழிபெயர்த்துக்கொண்டிருக்காது.

ஆகையால், உங்கள் பள்ளியிலோ தெருவிலோ இத்தகைய வகுப்பு நடந்தால், நடத்துகிறவரிடம் நாலு கேள்வி கேளுங்கள். நீங்கள் எங்கே, எப்போது பயிற்சி பெற்றீர்கள்? கடைசியாக எப்போது உங்களைச் சோதித்தார்கள்? எத்தனை பொம்மைகள் கொண்டு வருகிறீர்கள்? தேறாதவரை என்ன செய்வீர்கள்? நல்ல ஆசிரியர் இவற்றைக் கேட்டுக் கோபிக்க மாட்டார், சந்தோஷப்படுவார். கோபித்துக்கொள்கிறவரிடம் கும்பிடு போட்டுவிட்டு, வேறு ஒருவரைத் தேடுங்கள்.