சூரிய விளக்குக்குக் கார்த்திகையே அளவுகோல்
(ஒரு விவசாய டிமான்ஸ்டிரேட்டர்)

மின்சாரக் கம்பி எட்டாத களத்து வீடுகளிலும் தோட்டச் சாளைகளிலும் சூரிய வெளிச்சத்தால் மின்சாரம் தரும் தகடுகளை அமைத்துக்கொள்ளும் வழக்கம் குடியானவர்களிடையே பரவி வருவது சந்தோஷத்துக்குரியதே. ஆயினும், அவ்விதம் அமைத்துக்கொண்டவர்களில் அநேகர் அடைமழைக் காலத்தில் மறுபடியும் மெழுகுவர்த்தியைத் தேடுவதை நான் வருஷந்தோறும் பார்த்து வருகிறேன். குற்றம் சூரியனிடத்தில் இல்லை. கணக்கில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

திருவாரூர்ப் பக்கத்து மிராசுதார் ஒருவர் சித்திரை மாதத்தில் தமது களத்து வீட்டில் 300 வாட் தகடு அமைத்தார். ஆவணி வரையில் ஒரு குறையுமில்லை. ஐப்பசிக் கடைசியில் இரவு ஒன்பது மணிக்கே விளக்கு அணையத் தொடங்கிற்று. பாட்டரி கெட்டுவிட்டது என்றார் விற்றவர். புதிய பாட்டரி வந்தது. அடுத்த வருஷத்து மார்கழியில் அதுவும் அதே கதியை அடைந்தது. நாள்தோறும் அரை வயிறு உண்டு உழைக்கும் மாட்டைப் போல, நிறையாமலே வேலை செய்யும் ஈயப் பாட்டரி விரைவில் நலிந்துபோகும்.

அந்த வீட்டின் செலவைப் பார்ப்போம். 9 வாட் விளக்கு ஐந்து, ஐந்து மணி நேரம்: 225 வாட்-மணி. 28 வாட் பி.எல்.டி.சி. விசிறி இரண்டு, பத்து மணி நேரம்: 560. 50 வாட் டெலிவிஷன் மூன்று மணி நேரம்: 150. கைப்பேசி முதலியவற்றையும் சேர்த்து நாளொன்றுக்கு 1,000 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட் என்று கொள்ளலாம். (பழைய 75 வாட் விசிறிகளாய் இருந்தால் விசிறிக்கு மட்டும் 1,500 ஆகும். தகடு வாங்குமுன் விசிறியை மாற்றுவதே சிக்கனம்.)

இனி வரவு. 1,000 வாட் வலுவுள்ள வெயில் ஒரு மணி நேரம் அடித்தால் எவ்வளவோ, அதை ஒரு முழுவெயில் மணி என்பர். நமது சமவெளி ஜில்லாக்களில் வருஷ சராசரி நாளொன்றுக்கு ஐந்து முதல் ஐந்தரை. பங்குனி, சித்திரையில் ஆறுக்கு மேலும் போகும். ஆனால் வடகிழக்குப் பருவமழை பெய்யும் டெல்டாவிலும் கடற்கரையிலும் கார்த்திகை, மார்கழியில் சுமார் நாலுதான். வெயில் காய்ந்த நேரத்தைக் கண்ணாடிக் கோளத்தால் பதியும் கருவியை ஆராய்ச்சிப் பண்ணைகளில் சிலர் பார்த்திருக்கலாம். அதில் எட்டு மணி என்று காட்டினால் எட்டு முழுவெயில் மணி என்று எடுத்துக்கொள்ளலாகாது. காலை வெயிலும் உச்சி வெயிலும் ஒரே வலுவுடையவை அல்ல.

தகட்டில் பொறித்த வாட் முழுவதும் வீட்டுக்கு வந்து சேராது. உஷ்ணம், தூசி, கம்பி, பாட்டரி, இன்வர்ட்டர் ஆகியவை சுமார் 35 சதவீதத்தைத் தின்றுவிடும். விற்றவர் சராசரியாக 5.2 மணி எடுத்துக்கொண்டார். 300 வாட் தகடு 1,014 வாட்-மணி தரும் என்று காகிதத்தில் கணக்குச் சரியாயிற்று. கார்த்திகையின் நாலு மணிக்கு அதே தகடு 780 தான் தரும். தினம் 220 கடன்! மேட்டூர் அணையின் வருஷ சராசரி நீர்மட்டத்தைக் கேட்டறிந்து குறுவைக்கு நாற்று விடுகிற விவசாயி உண்டா?

நாலு மணிக்குக் கணக்கிட்டால் 385 வாட் தேவை. அதுவும் போதாது என்றே சொல்வேன். இரண்டு நாள் மூட்டம் போட்டுப் பாட்டரி இறங்கிவிட்டால், மூன்றாம் நாள் தகடு அன்றைய செலவையும் பார்த்து, இறங்கியதையும் ஏற்ற வேண்டுமே. 500 வாட் இருந்தால் தினம் 300 மிஞ்சும். ஒரு வாரத்தில் பாட்டரி நிறையும். இரண்டு நாள் தாங்க 2,000 வாட்-மணி வேண்டும். இன்வர்ட்டர் நஷ்டத்தையும் சேர்த்து, ஈயப் பாட்டரியைப் பாதிக்குமேல் இறக்கலாகாது என்ற விதியையும் மனதில் வைத்தால், 12 வோல்ட் 200 ஆம்பியர்-மணி பாட்டரி இரண்டு அவசியம். பம்பு மோட்டாரை மட்டும் இந்த அமைப்பில் இணைக்க வேண்டாம். அதற்குத் தனி ஏற்பாடு உண்டு.

கார்த்திகைக் கணக்கு எல்லா ஊருக்கும் செல்லாது. கூடலூர், வால்பாறைப் பகுதிகளில் ஆனி, ஆடி மாதத்துத் தென்மேற்கு மழையே வெயிலை மறைப்பது. அங்கே அந்த மாதங்களைத்தான் எடுக்கவேண்டும். 2016-ல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்ததைக் காட்டி, தமிழ்நாடெங்கும் அதே வெயில்தான் என்று பேசுவோர் பேச்சை நம்பவேண்டாம். தத்தம் ஊரின் மாதவாரி அளவை அமெரிக்க நாஸா ஸ்தாபனத்தின் இலவசக் கணக்கில் எவரும் பார்க்கலாம். கிராம அதிகாரிகள் இதை எடுத்து ஊர்ச் சாவடியில் ஒட்டிவைத்தால் பேருபகாரமாகும். தகடு விற்பவரிடம், எந்த மாதத்து வெயிலுக்கு இந்த மதிப்பீடு என்று எழுத்து மூலமாய்க் கேட்டு வாங்குவதும் நலம்.

நிழலைப் பற்றி ஒரு சொல். சித்திரை நடுப்பகலில் சூரியன் நம் தலைக்கு நேராக இருப்பதால் மரநிழல் மரத்தடியிலேயே விழும். மார்கழியிலோ உச்சிப்பொழுதிலும் சூரியன் தெற்கே சாய்ந்து 55 பாகை உயரத்திலேயே நிற்கும். 15 மீட்டர்த் தென்னையின் நிழல் அப்போது வடக்கே 10 மீட்டர் நீளும். தகட்டின் ஒரு மூலையை அது மறைத்தாலும் மின்சாரம் பெரிதும் குன்றும். வெயில் மிகக் குறைந்த மாதத்தில்தான் நிழலும் வந்து சேருகிறது. சித்திரையில் இடம் பார்த்தவர் இதை எங்ஙனம் அறிவார்?

மேற்படி மிராசுதார் வீட்டிலும் இதுவே நடந்திருந்தது. தென்னையை வெட்ட அவருக்கு மனம் வரவில்லை. 200 வாட் தகடு ஒன்று கூடுதலாக வாங்கி, எல்லாவற்றையும் வைக்கோற்போர் இருந்த வெளியிடத்துக்கு மாற்றி, தெற்கு நோக்கி 15 பாகை சாய்த்து நிறுத்தினார். வைக்கோற்போர் தென்னையடிக்குப் போயிற்று.