புகழ் பெற்ற குரலுக்கு மட்டும்தானா பாதுகாப்பு?

கொல்கத்தா: மேற்கு வங்க முன்னாள் முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்யா பேசுவது போன்ற விடியோ ஒன்றை, 2024 மே மாதம் மக்களவைத் தேர்தல் பிரசாரத்தின்போது மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி வெளியிட்டது. உடல்நலம் குன்றி வீட்டிலேயே இருந்த அவரது குரலை உருவாக்கியது செயற்கை நுண்ணறிவுத் தொழில்நுட்பம். கட்சியே அதை வெளிப்படையாக அறிவித்தது. ஆனால், இதே வேலையை மோசடிப் பேர்வழிகள் செய்திருந்தால் சட்டம் என்ன செய்யும் என்ற கேள்வி எழுகிறது.

மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தைச் சேர்ந்த திரைப்படப் பாடகர் அரிஜித் சிங்கின் வழக்கு இதற்குப் பாதி விடை தருகிறது. எவருடைய குரலையும் அவரது குரலாக மாற்றித் தரும் கருவிகளுக்கு எதிராக அவர் தொடுத்த வழக்கில், மும்பை உயர் நீதிமன்றம் 2024 ஜூலை 26-ம் தேதி இடைக்காலத் தடை விதித்தது. அனுமதியின்றி ஒரு பிரபலத்தின் குரலை உருவாக்குவது அவரது ஆளுமை உரிமையை மீறும் செயல் என்றது நீதிமன்றம். கொல்கத்தாவில் பிறந்த பாடகர் குமார் சானு, இதே போன்ற பாதுகாப்பு கோரி 2025-ல் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடினார்.

இந்தியாவில் குரலைக் காப்பதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், கலைஞர் நிகழ்த்திய நிகழ்ச்சிக்குத்தான் உரிமை வழங்குகிறது, குரலுக்கு அல்ல. எனவே, புகழின் வணிக மதிப்பை அடிப்படையாகக் கொண்டே நீதிமன்றங்கள் தடை விதிக்கின்றன.

விற்பதற்குப் புகழ் இல்லாத சாமானியரின் நிலை என்ன? மகனின் குரலில் பணம் கேட்டு வரும் போலி அழைப்பை நம்பி ஏமாறுபவர், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவின் கீழ் புகார் அளிக்கலாம். அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. ஆனால், தண்டனை ஆள்மாறாட்ட மோசடிக்குத்தான். குரலைத் திருடியதற்கு அல்ல.

2026 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதிகள், செயற்கையாக உருவாக்கப்பட்டவற்றுக்கு அடையாளக் குறியீட்டைக் கட்டாயமாக்கின. நீதிமன்றமோ அரசோ உத்தரவிட்டால் 3 மணி நேரத்துக்குள் சட்டவிரோதப் பதிவை நீக்க வேண்டும். அந்த உத்தரவைப் பெற வழக்குரைஞரும் பணமும் தேவை என்பதுதான் சிக்கல்.

அந்தரங்க உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிய அடிப்படை உரிமை என 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குரலும் அதில் அடங்கும் என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றாத வரை, இப்பாதுகாப்பு பிரபலங்களின் சலுகையாகவே நீடிக்கும்.