கிளைக்குப் பெயர் வையுங்கள்

மரம் என்றால் வேர் கீழே, கிளை மேலே என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். புள்ளிவிவர சாஸ்திரிகளோ ஒரு மரத்தைத் தலைகீழாக நட்டிருக்கிறார்கள். அதற்குத் தீர்மான மரம் என்று பெயர். உச்சியில் ஒரு கேள்வி, விடைக்கேற்ப இரண்டு கிளை, கிளையின் முடிவில் இன்னொரு கேள்வி, கடைசியில் இலை. இலையிலேதான் தீர்ப்பு. பிரைமன், ஃபிரீட்மன், ஓல்ஷன், ஸ்டோன் ஆகிய நால்வர் 1984-இல் வெளியிட்ட நூல் இம்மரத்தைப் பிரசித்தமாக்கிற்று.

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களுக்கு இது புதிதன்று. மழைக்காலத்தில் ஆற்று நீர் பாய்ந்து ஏரியில் உப்புக் குறையும். கோடையில் முகத்துவாரம் மணலால் தூர்ந்து உப்பு ஏறும். முகத்துவாரம் திறந்திருக்கிறதா, காற்று எது, தண்ணீர் எப்படி என்று மனத்துக்குள் கேட்டுக்கொண்டே மீனவர் வலையை எடுக்கிறார்.

இக்கேள்விகளுக்கான விவரங்களை ஆர் என்னும் கணினி மொழியில் உள்ள ஆர்பார்ட் என்ற நிரலிடம் கொடுத்து, மரம் வரையச் சொன்னதாக வைத்துக்கொள்வோம். காற்று நான்கு: கச்சான், கொண்டல், சோழகம், வாடை. நாமாகச் சொல்லாவிட்டால் நிரல் படத்தில் இப்பெயர்களை எழுதாது. அகரவரிசைப்படி ஏ, பி, சி, டி என்று ஆளுக்கோர் ஆங்கில எழுத்தை இட்டுவிடும். கொண்டலும் வாடையும் ஒரு கிளையில் சேர்ந்தால் அங்கே, 'காற்று = பிடி' என்று நிற்கும்! அதே கிளையின் இலையோ, 'இன்று வலை வேண்டாம்' என்கிறது. மீனவர் எதை நம்புவது? போதாக்குறைக்கு, இடது கிளையின் நிபந்தனை மட்டுமே எழுதப்பட்டிருக்கும். வலது கிளை ஊமை.

பரிகாரம் சுலபம். பெயர்ச் சுருக்கத்தின் நீளத்தைப் பூஜ்யம் என்று குறித்தால் முழுப் பெயரும் வரும். அலங்காரப் படம் கேட்டால் இரு கிளைக்கும் நிபந்தனை எழுதித் தரும். இந்தச் சிறு சிரமத்தை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?

பழவேற்காட்டில் தலைமுறைகளாக வழங்கும் பாடு முறையைப் பாருங்கள். ஏரியில் மீன்படும் குறிப்பிட்ட இடங்களுக்குப் பாடு என்று பெயர். யார், எந்நாள், எந்தப் பாட்டில் வலை கட்டுவது என்பதை முறைவைத்தும் சீட்டெடுத்தும் தீர்மானிக்கிறார்கள். உரிமையுள்ள குடும்பமா? இன்று அவர்கள் முறையா? சீட்டில் எந்தப் பாடு விழுந்தது? இதுவும் தீர்மான மரமே. இது குறையற்றது என்று சொல்ல வரவில்லை. உரிமை பிறப்பால் வருவது. அது இல்லாத மீனவர்களுக்கு மனத்தாங்கல் உண்டு, பூசல்களும் நேர்ந்திருக்கின்றன. ஆயினும் ஒதுக்கப்பட்டவர், தாம் எந்தக் கிளையில் ஒதுக்கப்பட்டோம் என்பதை அறிவார். ஆகையினால்தான், 'இது நியாயமா?' என்று ஊர்ச் சபையில் அவரால் கேட்க முடிகிறது.

கடனோ நிவாரணமோ ஒருவருக்குக் கிடைக்குமா என்பதைக் கணினி மரம் தீர்மானிக்கும் காலம் இது. பெயரில்லாக் கிளையால் தள்ளப்பட்டவர் யாரிடம் போய் என்னவென்று வாதாடுவார்? கிளையின் பெயர் வெறும் அலங்காரமன்று. முறையிடும் உரிமை அதில் இருக்கிறது.

ஆகவே, கணக்குப் படிக்கும் இளைஞர்களே! மரத்தை வரைந்ததும் பேராசிரியரிடம் ஓடாதீர்கள். எவருடைய பிழைப்பு அதில் தொங்குகிறதோ, அவரிடம் முதலில் காட்டுங்கள். உச்சியிலிருந்து இலைவரை அவர் தாமே வாசித்து இறங்கிவிட்டால், உங்கள் மரம் நல்ல மரம்.