சிறு பங்கு, பெரும் பொறுப்பு

அமெரிக்கப் பொதுப் பள்ளிகளின் செலவில் கூட்டாட்சி அரசு தருவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். மீதியை மாநிலங்களும் உள்ளூர் நிர்வாகங்களும் ஏற்கின்றன. இவ்வளவு சிறிய தொகை நின்றால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்கள், அது யாரைச் சென்றடைகிறது என்று பார்க்க வேண்டும். உள்ளூர்ப் பங்கு பெரும்பாலும் சொத்து வரியிலிருந்து வருவதால், வீட்டு மதிப்பு குறைந்த ஊரின் பள்ளியும் வறியதாகிறது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் 1965இல், லிண்டன் ஜான்சன் காலத்துச் சட்டம் ஏழைக் குழந்தைகள் மிகுந்த பள்ளிகளுக்குத் தனி நிதி ஒதுக்கியது. பணத்தோடு வாஷிங்டனின் அதிகாரமும் வகுப்பறைக்குள் நுழையும் என்ற அச்சம் புறந்தள்ளக்கூடியதல்ல. ஆனால் பாடத்திட்டத்தைக் கூட்டாட்சி அரசு கட்டளையிடுவதைச் சட்டமே தடுக்கிறது. நிபந்தனைகள் மிகுந்தால் அவற்றைத் திருத்தலாம். நிதியை நிறுத்துவது தீர்வாகாது. இத்தனை ஆண்டு செலவழித்தும் ஏற்றத்தாழ்வு தீரவில்லையே என்பது அடுத்த வாதம். ஆனால் ஏற்ற பணமே முழுதாக வந்ததில்லை. எடுத்துக்காட்டாக, மாற்றுத்திறன் மாணவர் ஒவ்வொருவருக்கும் நாட்டின் சராசரி மாணவர் செலவில் 40 விழுக்காடு வரை தருவதாக 1975இல் ஏற்ற பொறுப்பை நாடாளுமன்றம் ஒருமுறைகூட முழுமையாக நிறைவேற்றியதில்லை. கொடுக்காத பணத்தை வைத்துத் திட்டம் தோற்றது என்று தீர்ப்பெழுதுவது நியாயமில்லை. ஏற்றுக்கொண்டதை முதலில் கொடுக்கட்டும். பலனைப் பிறகு எடைபோடலாம்.